சம்பளத் தேதி: நெல்லைச் சீமை வாத்தியார்களின் மழைக்காலக் கடன்

"வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை" என்று ஒரு சொலவடை உண்டு. கொஞ்ச வருஷமாக இதற்கு ஒரு திருத்தம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது வக்கத்தவன் இல்லையாம், 'வாக்கு கற்றவன்'. போக்கத்தவன் இல்லையாம், 'போக்கு கற்றவன்'. ஆசிரியர் தினம் வந்தால் தவறாமல் நாலு பேர் அனுப்புவார்கள். எனக்கு இந்தத் திருத்தத்தில் நம்பிக்கை இல்லை. ஊர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வாத்தியார் வீட்டில் காசு இருந்ததில்லை. நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரியும்.

என் கேள்வி வேறு. வாத்தியாருக்கு ஏன் வக்கில்லாமல் போச்சு? சம்பளம் குறைச்சல், அதான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கிட்டு இருந்தேன். சேர்த்த குறிப்புகளை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

வாப்பாவின் நோட்டு

என் வாப்பா மேலப்பாளையத்தில் ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் வாத்தியார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வைத்திருந்த ஒரு கணக்கு நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கீழே தனியாக ஒரு கட்டம்: கைமாத்து.

நான் முதலில் செலவைத்தான் பார்த்தேன். அரிசி, மண்ணெண்ணெய், சின்னவனுக்கு இருமல் மருந்து. வீண் செலவு என்று ஒரு வரி காட்ட முடியாது. டீக்கடைக் கணக்குகூட மாசத்துக்கு நாலைந்து தடவைதான். அப்புறம் வரவுப் பக்கம் போனேன். அங்கேதான் விஷயம் இருந்தது. 'சம்பளம்' என்ற சொல்லுக்கு எதிரே உள்ள தேதி ஒரு மாசம் 5, அடுத்த மாசம் 12, ஒரு டிசம்பரில் 23. மானியம் வரவில்லை என்பார்கள். மானியம் வந்தும் மேனேஜர் ஊரில் இல்லை என்பார்கள். வாத்தியாருக்கு மாசம் எப்ப முடியுது, எப்ப தொடங்குதுன்னு அவருக்கே தெரியாது.

அந்த நாட்களில் வீட்டைத் தாங்கியது உம்மாவின் பீடித் தட்டு. பீடிக்காசு வாரக்கூலி. தொகை சின்னதுதான், ஆனால் வார முடிவில் கைக்கு வந்துவிடும். வாப்பா கௌரவமான வேலையில் இருந்தார், உம்மா தட்டை மடியில் வைத்து இலை சுருட்டினாள். ஆனாலும் பலசரக்குக் கடைக்காரர் உம்மாவின் பேரில்தான் பற்று எழுதினார். "சார் சம்பளம் எப்ப வருமோ, ராத்தா காசு சனிக்கிழமை வந்துரும்லா" என்று அவர் சொன்னது எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. கடன் கொடுக்கிறவர் தொகையைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தார். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இந்த ஒரு வரிதான்.

மழைக்காலத்தில் ஏன் கூடுதல் கஷ்டம்

நம்ம ஊரில் குளிர்காலம் என்றால் பனி கொட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் கூதல், தை பிறந்தால் பொங்கல். ஆனால் கணக்கு நோட்டில் இந்த நாலு மாசமும் தனியாகத் தெரியும். கைமாத்துக் கட்டம் நிரம்புவது அப்போதுதான்.

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம். கார் சாகுபடி ஆனியில் தொடங்கி புரட்டாசி வாக்கில் அறுவடை. பிசானம் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பு. ஆக கார்த்திகை, மார்கழியில் கார் நெல் பத்தாயத்தின் அடிக்குப் போயிருக்கும், பிசானம் பச்சையாக வயலில் நிற்கும். பாளையங்கால்வாய் நிறைய தண்ணீர் ஓடும், வீட்டில் நெல் இருக்காது.

மேலப்பாளையம் வயலை மட்டும் நம்பிய ஊரும் இல்லை. இது நெசவு ஊர். குழித்தறியில் மழைக்காலம் எப்படியிருக்கும் என்று பழைய நெசவாளிகளைக் கேட்டுப் பாருங்கள். பாவை வெளியே தெருவில் நீட்டிப் போட முடியாது. போட்ட கஞ்சி காயாது. தறிக்குழியில் ஊற்று எடுக்கும். வெயில் வந்தால்தான் வேலை, வேலை நடந்தால்தான் கூலி. பீடியும் அப்படித்தான். ஈரம் ஏறிய பீடியைக் கம்பெனியில் கழித்துப் போட்டுவிடுவார்கள்.

இதில் வாத்தியார் எங்கே வருகிறார்? அரசு மானியம் எதுவும் இல்லாத காலத்தில் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது பிள்ளைகளின் பெற்றோர்தான். வயல்காரரிடம் நெல் இல்லை, நெசவாளியிடம் கூலி இல்லை என்றால் வாத்தியாருக்கும் இல்லை. ஊர் முழுக்கக் கடன் வாங்கும் மாசத்தில் அவரும் கடன் வாங்கணும், அதுவும் அதே ஆட்களிடம்.

மன்றோ கணக்கெடுத்தபோது

1822 ஜூனில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எல்லா ஜில்லாக்களிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். பதில்கள் வந்து சேர்ந்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த எண்களை எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாடியே நாம் படித்தவர்கள்தான் என்று ஒரு கட்சியும், இல்லை என்று ஒரு கட்சியும் இன்றைக்கும் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது: வாத்தியாரின் வருமானம்.

வாத்தியார்கள் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, தகுதியுள்ள ஆட்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்பது மன்றோவின் கணிப்பு. அவர் சொன்ன மருந்து, சர்க்காரே மாதச் சம்பளம் கொடுக்கும் பள்ளிகள். தாசில்தாரி பள்ளி வாத்தியாருக்கு 9 ரூபாய், கலெக்டரேட் பள்ளி வாத்தியாருக்கு 15 ரூபாய். 9 ரூபாய் என்பது பழைய வருமானத்தைவிட ரொம்பப் பெரிய தொகை இல்லை. அதற்குமேல் பிள்ளைகளிடமும் வாங்கிக்கொள்வார் என்று மன்றோ கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அந்த 9 ரூபாய்க்கு ஒரு குணம் இருந்தது. மழை பெய்தாலும், பிசானம் பொய்த்தாலும் அது மாசாமாசம் வரும். மன்றோ 1827-இல் காலராவில் இறந்துபோனார். அந்தத் திட்டமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

அதே கணக்கெடுப்புக்குப் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய பதிலை நெசவு ஊர்க்காரர்கள் அவசியம் படிக்கணும். பள்ளிக்கூடங்கள் நலிந்ததற்கு அவர் சொன்ன முக்கியக் காரணம், மக்கள் ஏழையாகிவிட்டார்கள் என்பது. இந்தியத் துணியின் இடத்துக்கு ஐரோப்பியத் துணி வந்து, தொழில் செய்கிறவர்களின் கையிருப்பு கரைந்தது என்று கம்பெனியின் கலெக்டரே கம்பெனிக்கு எழுதுகிறார். தறி நின்றால் திண்ணைப் பள்ளியும் நிற்கும் என்ற கணக்கு அவருக்குப் புரிந்திருந்தது.

திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு வருமானம் பல துண்டுகளாக வந்தது. கொஞ்சம் காசு, கொஞ்சம் தானியம், அமாவாசை பௌர்ணமி விடுமுறைகளை ஒட்டி வாவுக்காசு, நவராத்திரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி வாங்கும் வசூல். புரட்டாசி, ஐப்பசியில் வரும் அந்த நவராத்திரி வசூலைப் பிச்சை மாதிரி இருக்கிறது என்று பிற்காலத்தில் எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடைமழைக்கு முன்னால் கையில் கொஞ்சம் முன்பணம் வேண்டும் என்பதற்கு ஊர் கண்டுபிடித்த வழி அது என்றுதான் படுகிறது. எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் வீட்டுக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்?

கலியாணக் கடனும் புராணப் பிரசங்கமும்

அந்த உலகத்துக் கடனை உள்ளே இருந்து எழுதிவைத்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்தவர் உ.வே. சாமிநாதையர். ஏடு தேடி நெல்லைச் சீமைக்கு அவர் வந்ததைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். 'என் சரித்திர'த்தில் கடன் வரும் பக்கங்களை யாரும் பேசுவதில்லை. 1868-இல் அவருக்குக் கலியாணம். அதற்கு வாங்கிய கடன் பல வருஷம் குடும்பத்தைத் துரத்துகிறது. படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு, பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரில் திருவிளையாடற் புராணம் சொல்லித்தான் கடனை அடைக்கப் பணம் தேடுகிறார்.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கதை இதைவிடக் கசப்பு. திருவாவடுதுறை ஆதீன வித்துவான், நூற்றுக்கணக்கான பேருக்குப் பாடம் சொன்னவர், புராணமாகவும் பிரபந்தமாகவும் எழுதிக் குவித்தவர். பாட்டுக்குப் பரிசு வரும், சால்வை வரும், நெல்லும் வரும். ஆனால் எது எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது. 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி, தை மாசத்தில் இறக்கும்வரை கடன் தொல்லை அவரை விடவில்லை.

1880 பிப்ரவரியில் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்கிறார். மாதம் 50 ரூபாய். குருவுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அப்போது சீடருக்குக் கிடையாது. ஆனால் குருவுக்குக் கடைசிவரை கிடைக்காத ஒன்று இவருக்குக் கிடைத்தது. மாசம் முடிந்தால் சம்பளம்.

நம்ம பாரதியும் ஒரு மூணு மாசம் வாத்தியார். எட்டயபுரத்துக்காரர், படித்தது நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில். 1904 ஆகஸ்ட் 1-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர், சம்பளம் பதினேழரை ரூபாய். நவம்பர் 10 வரைதான். அது தற்காலிக வேலை. ஐப்பசி மழையோடு அந்த வேலையும் முடிந்தது, அவர் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போய்விட்டார்.

மானியம் வந்தது, தேதி வரவில்லை

இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ ஒரு விதி கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சை பண்ணுவார், தேறியவர்களை எண்ணிப் பள்ளிக்கு மானியம். ஆறு வருஷத்தில் அது சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. 'ரிசல்ட் கிராண்ட்' என்பார்கள். இதில் வாத்தியாரின் வருஷ வரும்படியில் பெரிய பங்கு ஒரே ஒரு நாளைச் சார்ந்தது. அன்றைக்குக் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் காசு இல்லை. திண்ணைப் பள்ளிக்காரருக்கு மழையும் அறுவடையும் தேதி குறித்தன. இவருக்கு இன்ஸ்பெக்டரின் சுற்றுப்பயணம் குறித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறை கைவிடப்பட்டது.

அப்புறம் உதவி பெறும் பள்ளிகளின் காலம். அரசு மானியம் மேனேஜர் கைக்கு வரும், மேனேஜர் வாத்தியாருக்குக் கொடுப்பார். கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கிடைப்பது வேறொரு தொகை என்ற கதை தமிழ்நாடு முழுக்க இருந்தது. பழைய ஆசிரியர் சங்கக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லா மேனேஜரும் அப்படி இல்லை, சொந்தக் காசைப் போட்டுப் பள்ளி நடத்தியவர்களும் உண்டு. ஆனால் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்து சம்பளத் தேதி இருந்தது என்பதே கோளாறுதானே?

இந்த இடத்தில் ஒரு விஷயம் கவனிக்கணும். 1938-இல் ராஜாஜி அரசு கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டியைக் குறைத்தது. அது விவசாயிகளுக்கு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்து, அதே வருஷம் திரூரிலும் காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் தொடங்கின. சம்பளக்காரர்களுக்கான சிக்கனக் கடன் சங்கங்கள் அந்த வழியில் வந்தவைதான். அதில் கடன் எப்படிக் கொடுக்கிறார்கள்? நிலமோ நகையோ கேட்பதில்லை. மாசச் சம்பளத்தில் பிடித்தம். அதாவது சம்பளம் ஒழுங்காக வரும் என்பதே ஜாமீன். ஒழுங்காக வராதவனுக்கு ஜாமீன் இல்லை, சங்கம் இல்லை, குறைந்த வட்டி இல்லை. அவன் அடகுக்கடைக்குப் போவான், அங்கேயும் வழி அடைத்தால் கந்து வட்டிக்குப் போவான்.

தேதி தவறிய சம்பளம் ஒரு மனிதரைச் சின்னக் கடனிலிருந்து பெரிய கடனுக்குத் தள்ளும் பாதை இதுதான். தொகை குறைந்தால் வயிற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். தேதி தெரியாவிட்டால் எதைச் சுருக்குவது?

பலசரக்குக் கடைக்காரர் மகன்

கடன் வாத்தியாரை என்ன பண்ணும் என்பதற்கு என் வீட்டு உதாரணம் ஒன்று. எங்களுக்குப் பற்று கொடுத்த அந்தக் கடைக்காரரின் மகன் வாப்பா வகுப்பில்தான் படித்தான். ஒரு மார்கழியில் அரைப்பரீட்சைத் தாள் திருத்தினார். பையன் கணக்கில் தேறவில்லை. இரண்டு மார்க் போட்டால் தேறிவிடுவான். கடையில் இரண்டு மாசப் பாக்கி.

உம்மா ஒண்ணும் சொல்லவில்லை, விளக்கை மட்டும் தூண்டிவிட்டாள். வாப்பா அந்தத் தாளை ஒதுக்கி வைத்தார், எடுத்தார், மறுபடி ஒதுக்கினார். கடைசியில் உள்ள மார்க்கைத்தான் போட்டார். கடைக்காரர் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் பொங்கல் வரை வாப்பா அந்தத் தெரு வழியாகப் போகவில்லை, என்னையும் கடைக்கு அனுப்பவில்லை. வட்டி கூடாது என்பது எங்கள் வீட்டில் மார்க்கக் கட்டளை. இருந்தும் அந்த மாசம்தான் உம்மாவின் வளையல் முதல்முறையாக அடகுக்கு வீட்டை விட்டுப் போனது. கைமாத்துக் கட்டத்தில் அதை அவர் எழுதவே இல்லை. இரண்டு மார்க்கின் விலை என்று நான் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

தேதி வந்த கதை

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1955-இல் காமராஜர் ஆட்சியில் அரசுப் பள்ளிக்கு வெளியே உள்ள ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், வருங்கால வைப்புநிதி, காப்பீடு என்ற முப்பயன் திட்டம் வந்தது. வேலை முடிந்த பிறகும் மாசாமாசம் ஒரு தொகை என்பது வாத்தியார் வர்க்கம் அதுவரை காணாதது. 1973-இன் தனியார் பள்ளிகள் ஒழுங்குபடுத்தும் சட்டம், ஆசிரியர் சம்பளம் எப்படிக் கொடுக்கப்பட வேண்டும் என்பதை மேனேஜரின் விருப்பத்துக்கு விடாமல் அரசின் விதிக்குள் கொண்டுவந்தது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். படிப்படியாகச் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியது. இன்றைக்கு மாசத்தின் கடைசி வேலைநாளில் அரசு ஆசிரியருக்குச் சம்பளம் ஏறிவிடும். வாப்பாவின் தலைமுறை சங்கம் வைத்து, தெருவில் இறங்கி வாங்கியது இந்த ஒரு தேதிக்காகவும்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. தேதி இன்றும் வேறு வேஷத்தில் விளையாடுகிறது. இடைநிலை ஆசிரியர்களில் 2009 மே 31-க்குள் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்று அப்போது இருந்தது. ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரு நாள் வித்தியாசம். 2018 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயம், அவர்கள் குடும்பத்தோடு சென்னை டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்கழிக் கூதலில் கைக்குழந்தையோடு படுத்திருந்த ஆசிரியைகளின் படம் பேப்பரில் வந்தது. 2012-இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. வருஷத்துக்குப் பதினொரு மாசம்தான் அவர்களுக்குப் பசிக்குமா?

அரசு ஆசிரியர் வீட்டிலும் மழைக்காலக் கடன் இருக்கிறது, உருவம் மாறியிருக்கிறது. தீபாவளி முன்பணம் தவணை தவணையாகப் பிடிபடும். ஜனவரி, பிப்ரவரியில் வருமான வரி மொத்தமாக விழும். 'பிப்ரவரி சம்பளம் கவர்மெண்டுக்கே' என்று ஸ்டாப் ரூமில் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் சிரிக்க முடிகிறது, பாருங்கள். எந்த மாசம் இடிக்கும் என்று ஆடியிலேயே தெரிவதால்தான் சிரிக்க முடிகிறது. சீட்டு போடலாம், சங்கத்தில் கடன் எழுதலாம். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு இல்லை. ஏடிஎம் கார்டையே வட்டிக்காரரிடம் கொடுத்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

2003-லேயே கந்து வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2017 அக்டோபர் 23-இல், கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தது நம்ம நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில்தான். வருமானத்துக்குத் தேதி இல்லாதவர்கள் கடைசியில் போய் நிற்கும் இடம் எது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

வாப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். எண்பதுகளின் நோட்டுகளில் சம்பளத் தேதி ஒழுங்காகிவிடுகிறது. தொகை ஒன்றும் பிரமாதமில்லை, விலைவாசியும் சேர்ந்து ஏறியிருக்கிறது. ஆனால் கைமாத்துக் கட்டம் மாசத்துக்கு மாசம் சுருங்கி, ஒரு கார்த்திகையில் காலியாக நிற்கிறது. கட்டத்தை மட்டும் அவர் கடைசிவரை போடாமல் விட்டதில்லை. "இப்பத்தான் தேவையில்லையே, ஏன் வாப்பா கோடு போடுதிய?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மழ பெய்யிற வர தெரியாதுல்லா" என்றார்.